பொலித்தீன் கழற்றாத இருக்கை

என் மனைவி புஷ்பம் இறந்தது மாசி மாதம், சிவராத்திரி கழிந்த மறுநாள். அன்று பதுளையில் நல்ல வெயில். முந்தைய இரவு முழுக்க விழித்திருந்தவர்கள் ஊரில் பலர் இருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து விழித்திருந்து, காலையில் நான் சற்றுக் கண் மூடிய நேரத்தில் அவள் போய்விட்டாள்.

முருகனடியார்களே, இதைத் துயரக் கதையாகச் சொல்ல நான் வரவில்லை. அவன் எனக்குச் செய்ததைச் சொல்லவே எழுதுகிறேன். ஆனால் துயரத்தைச் சொல்லாமல் அவன் செய்தது விளங்காது.

நான் தெமோதரைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு ஹாலிஎல பக்கம் ஒரு மேட்டில் சிறு வீடு கட்டிக்கொண்டோம். ஒரே மகள் கலா, கணவன் பிள்ளைகளோடு அவுஸ்திரேலியாவில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இருவர். பிறகு நான் ஒருவன்.

புஷ்பத்துக்கு பஸ் பயணம் ஆகாது. ஏறி உட்கார்ந்து இரண்டு வளைவு திரும்பியதும் வாந்தி வந்துவிடும். கதிர்காமத்துக்கு நாங்கள் எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் அவள் கையில் ஓர் எலுமிச்சம்பழமும் மடியில் ஒரு பையும் இருக்கும். பழத்தை நகத்தால் கீறிக் கீறி மூக்கில் வைத்துக்கொள்வாள். சந்நிதிக்குப் போய்ச் சேரும்போது பழம் கந்தலாகியிருக்கும். அவளும்தான்.

நோய் முதன்முறை வந்து படுத்தபோது அவள் ஒரு நேர்த்தி வைத்தாள். அது புரட்டாசி மாதம், சரஸ்வதி பூசை அன்று. கட்டிலில் இருந்தபடியே கையைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

"முருகா, நான் எந்திரிச்சு நடந்துட்டா, எங்க சொந்த வண்டியில ஒன் வாசலுக்கு வந்து தேங்கா ஒடைக்கிறேன்."

"சொந்த வண்டிக்கு எங்க போறது? நாட்டுக்குள்ளயே வண்டி வரக் கூடாதுன்னு தடை போட்டிருக்கான். அதுகூடத் தெரியாமயா வேண்டிக்கிற?" என்றேன்.

"தடை போட்டவனுக்கும் மேல ஒருத்தன் இருக்கானுங்க. நீங்க பேசாம இருங்க."

அவள் எழுந்து நடந்தாள். அந்தத் தீபாவளிக்கு அவளே முறுக்கு சுட்டாள். முருகன் தன் பங்கைச் செய்துவிட்டான். எங்கள் பங்குதான் நின்றுபோனது. வாகன இறக்குமதித் தடை நீங்குவதற்கு முன்பே நோய் திரும்பி வந்து அவளைக் கொண்டுபோனது. செலுத்தாத நேர்த்தி என் தலையில் இறங்கியது.

தடை நீங்கியது. வெலிமடையில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அதை விற்றேன். மிச்சத்துக்குக் கலா உதவினாள். அந்த ஆவணியில் கொழும்பிலிருந்து வண்டி வந்து சேர்ந்தது. டர்போ பெட்ரோல் எஞ்சின், கிளச் இல்லாத ஓட்டோ கியர், சாம்பல் நிறம். கொழும்பில் எஸ்யூவி என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் உயரமான வண்டி எல்லாமே ஜீப்தான்.

வண்டியைப் பார்க்க அக்கம் பக்கத்தார் வந்தார்கள். சுற்றி வந்தார்கள். கதவைத் திறந்து மூடும் சத்தத்தைக் கேட்டார்கள். பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவர் ஜன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அஞ்சு பேர் போற வாகனம். நீங்கள் ஓராள். மிச்ச நாலு பேரையும் எங்கை பிடிக்கப் போறியள்?"

அவர் பகிடிக்குத்தான் கேட்டார். நானும் சிரித்து வைத்தேன். அவர் போன பிறகு அந்தக் கணக்கு வீட்டுக்குள் என்னோடு வந்து உட்கார்ந்துகொண்டது.

வாகன பூசைக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குப் போனேன். குருக்கள் வண்டிக்கு மாலை போட்டு, கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி முன்னால் போக வேண்டும். வழக்கமாக அந்த நேரத்தில் குடும்பம் முழுக்க வண்டிக்குள் ஏறி நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். குழந்தைகள் கத்தும்.

"வீட்டுல உள்ளவங்களை ஏறச் சொல்லுங்க," என்றார் குருக்கள். அவர் புதியவர். எங்களை அறியாதவர்.

"எல்லாரும் ஏறியாச்சு சாமி," என்றேன்.

அவர் உள்ளே பார்த்தார். பிறகு மணியை அடித்தார். நான்கு பழங்களும் நசுங்கும் சத்தம் எனக்கு ஒவ்வொன்றாகக் கேட்டது. அந்த வண்டிக்குள் அவ்வளவு அமைதி.

இருக்கைகளின் பொலித்தீன் உறையை நான் கழற்றவில்லை. புது வண்டிக்குக் கொஞ்ச நாள் அப்படியே விடுவது நம்மவர் வழக்கம்தான். பொத்திப் பொத்தி வைத்து, உறை தானாகக் கிழிந்த பிறகே கழற்றுவோம். என் இருக்கையின் உறை இரண்டே வாரத்தில் கிழிந்தது. மற்றவை பளபளவென்று இருந்தன. குறிப்பாக இடப்பக்க முன்னிருக்கை. அது புஷ்பத்தின் இடம். அதில் எவரும் உட்காரவில்லை. உட்கார எவரும் இல்லை என்பதும் உண்மை. உட்காரவிட எனக்கு மனம் இல்லை என்பதும் உண்மை.

வண்டியைக் கொடுத்த இளைஞன் ஒன்று சொல்லியிருந்தான். "ஏத்தம் ஏறி வந்ததும் உடனே எஞ்சினை நிப்பாட்டாதீங்க அங்கிள். கொஞ்சம் ஓடவிடுங்க. டர்போ சூடு ஆறட்டும்."

என் வீடு மேட்டில் இருக்கிறது. ஆகவே எங்கே போய் வந்தாலும் கடைசியில் ஏற்றம்தான். கடைக்குப் போய் வந்தாலும் வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பேன். எதிரே பூட்டிய கதவு. ஜன்னலில் வெளிச்சம் இருக்காது. முன்பெல்லாம் நான் வரும் சத்தம் கேட்டதும் அந்தக் கதவு திறக்கும். டர்போ ஆறும்வரை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். வேறு எதுவும் செய்வதற்கில்லாததால் அந்த நேரத்தில் பிரார்த்தனை செய்யத் தொடங்கினேன்.

அந்தப் பிரார்த்தனையை உள்ளபடி எழுதுகிறேன்.

"முருகா, எனக்கு ஒரு துணை குடு. இல்லாட்டி என்னையும் கூப்புட்டுக்க."

ஆவணியிலும் புரட்டாசியிலும் என் வேண்டுதல் இவ்வளவுதான். சொல்லச் சொல்ல முதல் பாதி தேய்ந்து இரண்டாவது பாதி மட்டும் மிஞ்சியது.

ஒரு நாள் பண்டாரவளைச் சந்தையில் பூசணிக்காய் ஒன்று வாங்கி இடப்பக்க இருக்கையில், பொலித்தீன் மேல் வைத்தேன். வண்டி கிளம்பியதும் 'டிங், டிங்' என்று ஒலி எழுந்தது. முன்னால் சிவப்பு விளக்கு மின்னியது. பக்கத்தில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று வண்டி சொல்கிறது. யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அது நம்பிவிட்டது. பூசணிக்காயைத் தரையில் இறக்கி வைத்திருக்கலாம். நான் அதற்குப் பெல்ட் போட்டேன். ஒலி நின்றது. வீடு வரைக்கும் பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் என்ற நினைப்போடு வந்தேன்.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து மாஸ்டர் பார்த்துவிட்டார். "பூசணிக்காய்க்குப் பெல்ட் போட்டுக் கூட்டிக்கொண்டு வாறியள். பாவம், இறக்கிவிடுங்கோ, வெக்கையாயிருக்கும்," என்றார். அதன் பிறகு அவர் கண்ணில் படாமல் போய் வரத் தொடங்கினேன். கலா தொலைபேசியில் கேட்பாள்.

"எங்கயாச்சும் போனீங்களாப்பா?"

"போனேன்மா."

"யாரோட?"

"வண்டியோட."

அவள் அந்தப் பக்கம் பேசாமல் இருப்பாள். அவ்வளவு தூரத்தில் இருந்து பேசாமல் இருப்பது நன்றாகக் கேட்கும்.

கதிர்காமத்துக்கு வரும்படி இரண்டு மூன்று பேரைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்குப் பேத்தியின் பரீட்சை. ஒருவருக்கு முதுகுவலி. புரட்டாசி முடியப் போகிறது. அவள் நேர்த்தி வைத்த மாதம் கழிவதற்குள் செலுத்திவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் இருந்தது. கடைசி வாரத்தில் தனியாகவே கிளம்பினேன். அர்ச்சனைத் தட்டுக்கான பழங்கள், ஊதுபத்தி, கற்பூரம், குடுமி வைத்த நல்ல தேங்காய் ஒன்று. பையை இடப்பக்க இருக்கையில் வைத்தேன். டிங், டிங். பெல்ட் போட்டேன்.

எல்ல ஊர் வழியாகப் போகும் பாதையை மண் சரிந்ததால் மூடியிருந்தார்கள். ஆகவே தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை வழியாகப் பெரகலைக்குப் போய், அங்கிருந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்கி வெல்லவாயவைப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். ஏற்றம் எல்லாம் சுகமாக இருந்தது. அந்த எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு. மிதித்ததும் ஒரு கணம் யோசிக்கும். பிறகு பின்னாலிருந்து யாரோ இரண்டு கையாலும் தள்ளுவதுபோல் வண்டி எழும்பும். அப்படித் தள்ளும்போதெல்லாம் நான் கண்ணாடியில் பின்னால் பார்ப்பேன். பொலித்தீன் மட்டும் மினுங்கும்.

பெரகலையில் மேகம் பாதைக்கு இறங்கியிருந்தது. பிற்பகல்தான், ஆனாலும் விளக்கைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். இடப்பக்கம் மலை. வலப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. அங்கே பள்ளம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இங்கேதான் எங்கள் மலைநாட்டுக்காரன் மட்டும் செய்யக்கூடிய ஒரு காரியத்தை நான் செய்தேன். பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் இந்தப் பக்கத்து இறக்கங்களில் யாருமே கியரில் போகவில்லை. உச்சியில் நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுச் சக்கரத்தைத் தானே உருளவிடுவோம். தோட்டத்துப் பழைய பிக்கப்பை நான் அப்படித்தான் வங்கிக்கும் தொழிற்சாலைக்கும் இறக்கினேன். அடிவாரம் வரை எரிபொருள் மிச்சம். அந்தப் பழக்கம் கையிலேயே தங்கிவிட்டது. இந்தப் புது வண்டியின் கைநூலை நான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவன். இறக்கத்தில் நியூட்ரல் கூடாது, எஞ்சின் பிடித்து இழுக்கும் கீழ்க் கியரில்தான் இறங்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. படித்தது மூளையில் இருந்தது. கை அதைக் கேட்கவில்லை.

வண்டி சத்தமே இல்லாமல் இறங்கியது. பழைய பிக்கப் என்றால் உடம்பெல்லாம் நடுங்கி வேகத்தைச் சொல்லிவிடும். இது ஒன்றும் சொல்லவில்லை. என் கால் பிரேக்கை விட்டு எழும்பவேயில்லை. வளைவுக்கு மேல் வளைவு. ஏதோ கருகும் வாசனை வந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தபோது மிதி பஞ்சுபோல உள்ளே போனது. வண்டி கேட்கவில்லை. மறுபடி மிதித்தேன். கேட்கவில்லை. கியரைத் தள்ளினேன். எஞ்சின் முனகியது, வேகம் தணியவில்லை. வெள்ளை மேகத்துக்குள் பாதை இடப்பக்கம் திரும்புவதும், வலப்பக்க விளிம்பில் ஒரு கல் கூட இல்லாததும் தெரிந்தது.

அன்பர்களே, மாதக்கணக்காக "என்னையும் கூப்புட்டுக்க" என்று வேண்டியவன் நான். இதோ கூப்பிடுகிறான். வாசல் திறந்திருக்கிறது. அந்தக் கணத்தில் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

"முருகா, இப்ப வேணாம்!"

வண்டி முழுக்க எதிரொலிக்கும்படி கத்தினேன். புஷ்பம் போன பிறகு என் குரல் அவ்வளவு பெரிதாக எழுந்ததில்லை. எனக்கு வாழ வேண்டும் என்று இருந்தது. எதற்காக என்று தெரியவில்லை. ஆனால் வேண்டும் என்று இருந்தது.

மேகம் ஒரு முழம் விலகியது. இடப்பக்கம், மலையடியில், ஒரு கொம்பில் கட்டிய சிவப்புத் துணி தெரிந்தது. சில நாளைக்கு முன் சரிந்த மண்ணை இயந்திரத்தால் ஒதுக்கி ஓரமாகக் குவித்திருந்தார்கள். ஆள் உயரச் செம்மண் மேடு. எச்சரிக்கைக்காக யாரோ அந்தத் துணியைக் கட்டியிருக்கிறார்கள். நான் ஸ்டியரிங்கை அதற்கு நேராகத் திருப்பினேன்.

மழையில் ஊறிய மண். வண்டியின் முகம் அதற்குள் புதைந்தது. காற்றுப் பை கூட விரியவில்லை. அவ்வளவு மெதுவாக எங்களை அது வாங்கிக்கொண்டது. எங்களை என்று எழுதுகிறேன், என்னையும் தேங்காயையும். அந்தப் பாதையை அடைத்த சரிவுதான் அன்று எனக்கு உயிர் தந்தது. அந்த மண் சரிந்த நாளில் யாராவது முருகனைக் குறை சொல்லியிருப்பார்கள்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். பழக்கம்.

கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் சிலர் அந்த நேரம் மேல் பாதையில் வந்தார்கள். முதலில் குரல்தான் வந்தது.

"ஏ புள்ள, வண்டி ஒண்ணு மண்ணுல பூந்துருச்சுடி! ஓடியாங்க!"

ஒருத்தி கதவைத் திறந்தாள். ஐம்பது வயது இருக்கும். தலையில் போர்த்திய கொங்காணித் துணி, இடுப்பில் ஈரம் படாமல் சுற்றிய படங்குச் சீலை. அவள் பெயர் லெட்சுமி என்று பிறகு அறிந்தேன்.

"ஐயா, அடி கிடி பட்டுச்சா? பேசுங்க ஐயா. கூட வந்தவங்க எங்க?" என்று கேட்டுக்கொண்டே என்னைத் தாண்டி இடப்பக்கம் எட்டிப் பார்த்தாள். பையை விரித்தாள். பின்னால் திரும்பிக் கத்தினாள்.

"ஆத்தே! இவரு தேங்காய்க்குப் பெல்ட்டு போட்டுக் கூட்டிட்டு வந்திருக்காருடி!"

"அதான் தேங்காய்க்கு ஒண்ணும் ஆகலையா?"

"தேங்கா தெளிவாத்தான் இருக்கு. ஓட்டுனவருதான் வெளிறிப்போயிட்டாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு அழுகையாகிவிட்டது. அவர்கள் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்கள். லெட்சுமி மட்டும் என் கையைப் பிடித்து இறக்கினாள். "வாங்க, மொதல்ல தேத்தண்ணி குடிங்க. வண்டி எங்கயும் போயிறாது. அதான் மூஞ்சிய நட்டு வச்சிட்டீங்களே!"

அவர்களுடைய லயம் பாதைக்குச் சற்று மேலேதான். லெட்சுமியின் கணவர் முத்தையா வாசலில் நாற்காலியில் இருந்தார். காலில் ஆபரேசன் செய்து கைத்தடியோடு நடப்பவர். தேத்தண்ணி வந்தது. சீனி தூக்கலாக இருந்தது. எங்கே போகிறேன் என்று கேட்டார்கள். நான் புஷ்பத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசி எவ்வளவோ நாளாயிற்று. அவர்கள் நடுவில் குறுக்கிடவில்லை.

முடிந்ததும் லெட்சுமி சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கணவரைப் பார்த்தாள்.

"நாங்களும் கதிர்காமத்துக்குத்தான் வேண்டியிருக்கோம் ஐயா. இவரு காலு நல்லானா வாறோம்னு. நல்லாயிருச்சு, ஆனா பஸ்ஸு ஏறி எறங்க ஏலாது. வெல்லவாயில வேற மாறி ஏறணும். தெனமும் மலைக்குப் போறப்ப கேப்பேன். சாமி, எங்கள வரச் சொல்றதா இருந்தா ஒரு வண்டிய அனுப்புன்னு."

"அனுப்புனாரு பாரு," என்றார் முத்தையா. "மண்ணுக்குள்ள!"

"ஒங்களுக்கு எதுலயும் நையாண்டி. சாமி கேட்டுக்கிட்டு இருக்காரு."

"கேக்கட்டும். பிரேக்கு உள்ள வண்டியா அனுப்பச் சொல்லு."

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அவர்கள் வேண்டியது ஒரு வண்டி. நான் வேண்டியது ஓர் ஆள். இரண்டு வேண்டுதலையும் ஒரே மேட்டில் கொண்டுவந்து மோதவிட்டிருக்கிறான். அவனுக்கு இதெல்லாம் விளையாட்டு.

லயத்து ஆட்கள் சேர்ந்து வண்டியைப் பின்னுக்கு இழுத்தார்கள். முகத்தில் இரண்டு கீறல், உடைந்த விளக்கு ஒன்று, வேறில்லை. அப்புத்தளையிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். பிரேக் எண்ணெய் சூட்டில் கொதித்திருக்கிறது என்றார். வேண்டியதைச் செய்து கொடுத்தார். கிளம்பும்போது நான் முத்தையாவிடம் கேட்டேன்.

"கந்தசஷ்டி வருது. சூரசம்ஹாரம் முடிஞ்ச மறுநா காலையில வர்றேன். ரெண்டு பேரும் வர்றீங்களா?"

"ஓட்டுறது நீங்கதானா?" என்றார்.

"நான்தான்."

"அப்ப சஷ்டி வெரதத்த நானும் புடிச்சுக்கிறது நல்லது."

சொன்ன நாளில் போனேன். லெட்சுமி மஞ்சள் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பாதையோரம் நின்றாள். முத்தையாவுக்குக் காலை நீட்ட வேண்டும். ஆகவே முன்னால்தான் ஏற வேண்டும். இடப்பக்கக் கதவைத் திறந்தேன். அவர் தடியைக் கொடுத்துவிட்டு ஏறினார். உட்கார்ந்ததும் பொலித்தீனில் வழுக்கிக் கீழே சரிந்தார். மறுபடி ஏறினார். மறுபடி சரிந்தார்.

"கிளாக்கர் ஐயா, இந்தப் பொலித்தீனு சறுக்குதுங்க. இவரால கால ஊனி இருக்க முடியல," என்றாள் லெட்சுமி. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லீங்க, நான் ஒரு சாக்கை மேல போட்டுர்றேன்," என்றாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

நான் முத்தையாவை இறங்கச் சொன்னேன். இருக்கையின் பின்புறம் கை விட்டு, உறையை நானே கழற்றினேன். அது பிரியும்போது பெரிதாகச் சத்தம் போட்டது. உள்ளே புதுத் துணியின் வாசனை. ஒரு கணம் அந்த இருக்கையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். "ஏறுங்க," என்று மட்டும் முத்தையாவிடம் சொன்னேன்.

லெட்சுமி அந்தப் பொலித்தீனைக் கீழே விடவில்லை. உதறி, மடித்து, கைக்குள் அடக்கினாள். "வீசிறாதீங்க. கெட்டிப் பொலித்தீனு. மழைக்குத் தோளுல போட்டுக்க ஆகும்."

கீழ்க் கியரில் இறங்கினேன். எஞ்சின் உறுமிக்கொண்டே வண்டியைப் பிடித்து இழுத்தது. ஒவ்வொரு வளைவிலும் முத்தையா, "இருக்குங்களா?" என்று கேட்பார். "இருக்கு," என்பேன். பிரேக்கைத்தான் கேட்டார். அந்த மண்மேட்டைத் தாண்டும்போது மூவரும் கும்பிட்டோம். நான் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி மனதால்.

சற்று நேரத்தில் வண்டிக்குள் ஒரு வாசனை பரவியது. கண்ணாடியில் பார்த்தேன். பின்னிருக்கையில் லெட்சுமி ஓர் எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மூக்கில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வண்டி ஒத்துக்காதுங்க," என்றாள் வெட்கத்தோடு. "ஆனா இன்னைக்கி ஒண்ணும் செய்யல. பழம் சும்மா ஒரு தெம்புக்கு."

பாதை கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. மேகம் இல்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மாணிக்க கங்கையில் குளித்தோம். பெல்ட் போட்டு வந்த அதே தேங்காய், கெடாமல் இருந்தது. அதன் மேல் கற்பூரம் ஏற்றி, புஷ்பத்தின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி ஓங்கி உடைத்தேன். நேராக இரண்டாகப் பிளந்தது. கதிர்காமத்தில் சந்நிதித் திரை விலகுவதே இல்லை; அதன் பின்னால் இருப்பவனை நாம் பார்ப்பதில்லை. திரையைப் பார்த்துத்தான் கும்பிடுகிறோம். "உன்னோட கணக்கு எனக்கு விளங்கலப்பா. ஆனா சரியா இருக்கு," என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு கார்த்திகையில் பெருமழை வந்து மலைநாட்டுப் பாதைகள் பலவும் அடைபட்டன. தொலைபேசி வேலை செய்யவில்லை. வீட்டில் தனியாக இருந்தேன். ஆனால் இந்த முறை எனக்காகப் பயப்படவில்லை. அந்த லயத்துக்குப் பின்னால் இருக்கும் மலையை நினைத்துப் பயந்தேன். முத்தையா எப்படி இறங்கி ஓடுவார் என்று நினைத்தேன். ஒருவரை நினைத்துப் பயப்படுவதும் ஒரு துணைதான் என்று அப்போது அறிந்தேன். தொடர்பு திரும்பி வந்ததும் முதல் அழைப்பு அங்கிருந்துதான். "நீங்க நல்லாயிருக்கீங்களா ஐயா? தனியா இருப்பீங்கன்னு இவரு தூங்கவேயில்ல," என்றாள் லெட்சுமி. எனக்காகத் தூங்காத ஒரு வீடு இருக்கிறது என்று அன்று காதால் கேட்டேன்.

வீடு இப்போதும் வெறுமையாகத்தான் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். ஏற்றம் ஏறி வந்து டர்போ ஆறும்வரை உட்கார்ந்திருக்கும்போது எதிரே அதே பூட்டிய கதவுதான். புஷ்பம் வந்து திறக்கப் போவதில்லை. ஆனால் வேண்டுதல் மாறிவிட்டது. "கூப்புட்டுக்க" என்ற சொல் அதில் இல்லை. இன்று வண்டியில் யார் யார் ஏறினார்களோ அவர்கள் பெயரைச் சொல்கிறேன். கிளினிக்குக்குப் போன முத்தையா. பஸ்ஸில் போகப் பஞ்சி, அலுப்பு என்று சொல்லிச் சந்தைக்கு என்னோடு வந்த பக்கத்து வீட்டு மாஸ்டர். இடப்பக்க இருக்கையில் இப்போது ஒரு வெற்றிலைக் கறை இருக்கிறது. தேய்த்தும் போகவில்லை. நானும் ரொம்பத் தேய்க்கவில்லை.

இதை வாசிக்கும் அடியவர்களில் என்னைப் போல் தனித்துப் போனவர்கள் இருப்பீர்கள். இறந்தவருக்காக நீங்கள் ஏதோ ஒன்றைப் பொத்தி வைத்திருப்பீர்கள். ஒரு நாற்காலி, ஓர் அறை, ஒரு கோப்பை. அதன் உறையைக் கழற்றுங்கள். முருகனிடம் துணை கேட்டுவிட்டு இடத்தை மூடி வைத்தால் அவன் அனுப்பும் ஆள் எங்கே உட்காருவார்? கேளுங்கள். இடம் விட்டுக் கேளுங்கள். அவன் எந்த மேட்டில் கொண்டுபோய் மோதுவான் என்று சொல்ல முடியாது. மோதுகிற இடம் மெத்தென்று இருக்கும். அதற்கு நான் சாட்சி.

சென்ற வாரம் பெரகலையிலிருந்து இறங்கும்போது தூறல். மேல் மலையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் தோளிலும் நிறம் மங்கிய படங்கு. ஒருத்தி தோளில் மட்டும் ஏதோ பளபளவென்று மின்னியது. வண்டியை ஓரமாக நிறுத்தி ஹோர்ன் அடித்தேன். அவள் நிமிர்ந்து கை காட்டினாள். புஷ்பத்துக்கென்று நான் பொத்தி வைத்தது அங்கே ஒருத்தியை நனையாமல் வைத்திருந்தது.